ஆறரை மணியான பஸ்

தவணைப் பரீட்சைக்கு ஆங்கில வினாத்தாள் தயாரிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். தரம் 11 இரண்டாம் தவணை வினாத்தாளின் வாசிப்புப் பகுதி பற்றியே எழுதுகிறேன். எந்தக் கேள்வி என்பது உங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். "புள்ளித்திட்டப்படி திருத்துங்கள் ரீச்சர்" என்ற பதிலும் இரண்டு தடவை கிடைத்தது.

"இற் வோஸ் ஹாஃப் பாஸ்ற் சிக்ஸ் வென் த பஸ் றீச்ட் த ஜெற்றி." பஸ் இறங்குதுறைக்கு வந்தபோது மணி ஆறரை. இந்த 'இற்' (it) என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்டு, பஸ், படகு, இறங்குதுறை, மழை என நான்கு விடை கொடுத்திருக்கிறீர்கள். சரியான விடை பஸ் என்கிறது உங்கள் புள்ளித்திட்டம்.

'இற்' நின்ற இடத்தில் பஸ்ஸை வைத்து வாசித்துப் பாருங்கள்: "பஸ் ஆறரை மணியாக இருந்தது." குறிகட்டுவான் பாதையில் 22 வருடமாகப் பஸ் ஏறுகிறவள் நான். பிந்தி வந்த பஸ் உண்டு, வராத பஸ்ஸும் உண்டு. ஆறரை மணியாகவே இருந்த பஸ்ஸை இன்னும் கண்டதில்லை.

பஸ்ஸில் இடம் பிடிக்க ஆசனத்தில் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, போடுகிறோம் அல்லவா, அந்த வேலைதான் இந்த 'இற்'றுக்கு. ஆங்கிலத்தில் எழுவாயின் இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. நேரம், மழை, தூரம் சொல்லும்போது லேஞ்சி மட்டும் கிடக்கும், ஆள் கடைசிவரை வருவதில்லை. சில வசனங்களில் ஆள் பின்னால் ஏறுவார். உங்கள் அடுத்த கேள்வியே அப்படிப்பட்டதுதான்: "இற் இஸ் ஹார்ட் ரு ஸ்ராண்ட் இன் த போற்." இங்கே கடினமானது படகு அல்ல, படகில் நிற்பது. புள்ளித்திட்டமோ இதற்கும் 'படகு' என்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு இது விளங்காத விடயமுமல்ல. "எனக்குப் பசிக்கிறது" என்று நாள்தோறும் சொல்கிறவர்கள் அவர்கள். பசிக்கிறது என்பதற்கு எழுவாய் எது என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது, அரைப் பாடவேளையில் விளங்கிக்கொண்டது.

விளங்கிக்கொண்டதுதான் வினையாயிற்று. என் வகுப்பில் படகோட்டி ஒருவருடைய மகள் படிக்கிறாள். முதலில் பஸ்ஸுக்குக் கீழே கோடிட்டு, பிறகு தாள் கிழியுமளவுக்கு அதை வெட்டி, ஓரத்தில் சின்ன எழுத்தில் 'நதிங்', ஒன்றுமில்லை, என்று எழுதியிருந்தாள். அடுத்த கேள்விக்கு 'ரு ஸ்ராண்ட் இன் த போற்' என்று முழுதாகவே எழுதியிருந்தாள். இரண்டும் சரி. இரண்டுக்கும் சிவப்புப் பேனையால் நான் பிழை போட்டேன். கூட்டிப் பார்த்தால் 74. ஏ சித்திக்கு 75 வேண்டும். பஸ்ஸுக்குக் கோடிட்ட மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் சரி போட்டுக்கொண்டே போனது என் கை.

ஆகவே, அந்த இரண்டு விடைகளையும் திருத்தி எல்லாப் பாடசாலைகளுக்கும் எழுத்தில் அறிவியுங்கள் என்று கேட்கிறேன்.

சித்தி வீதம் குறைந்தால் எங்களைக் கூட்டி வைத்து விளக்கம் கேட்கிறீர்கள். புள்ளித்திட்டத்துக்கு யார் யாரிடம் விளக்கம் கேட்பது? 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய நாளிலிருந்து ஆங்கிலம் படித்த மண் என்று பரிசளிப்பு விழா மேடைதோறும் முழங்குகிறோம். இருநூறு வருடம் படித்த பிறகு மணியையும் பஸ்ஸையும் பிரித்தறிய ஒரு படகோட்டியின் மகள் வேண்டியிருக்கிறது. மன்னிக்க வேண்டும், நான் சொல்ல வந்தது இதுவல்ல.

சுட்டுப்பெயர்க் கேள்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதையாவது சுட்டுகிற இடத்தில் கேளுங்கள். அதே பந்தியில் படகுக்காரர் கயிற்றை எறிகிறார், சிறுவன் 'அதை'ப் பிடிக்கிறான். அங்கே 'இற்' கயிறுதான், எவரும் மறுக்க மாட்டார்கள். சுட்டாத 'இற்'றைத்தான் கேட்பீர்கள் என்றால், 'எதையும் குறிக்கவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு விடையும் வையுங்கள்.

விடைத்தாள்களை வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். அவளுடையதை மட்டும் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். அதற்குள் திருத்திய புள்ளித்திட்டத்தை அனுப்பிவைக்குமாறு தயவுடன் வேண்டுகிறேன். வந்தால் 74ஐ வெட்டி 76 என்று எழுதி, பக்கத்தில் என் கையொப்பத்தையும் வைப்பேன்.

இப்படிக்கு,
தீவகத்து ஆங்கில ஆசிரியை ஒருவர்