கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் மெயில் கிடைத்தது. வேலையை விட்டாய், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் கான்ட்ராக்ட் எடுக்கிறாய், ரேட் அருமை. இவ்வளவு பெரிய செய்தியை மூன்றே வரியில் எழுத உன்னால்தான் முடியும். இத்தனை மாதம் நான் பதில் போடாததற்குத் திட்டியிருக்கிறாய், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தாள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நம் நண்பன் நெட்டை. அவன் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஏஜென்சி திவாலாகிவிட்டது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், என்னிடமும் தற்செயலாகத்தான் வாய்விட்டான். வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறான். வேலை பார்த்த மணிக்கணக்கை எழுதும் டைம்ஷீட் எல்லாவற்றுக்கும் கிளையன்ட், அதாவது அவன் வேலை பார்த்த கம்பெனி, பக்கத்து மேனேஜர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். கிளையன்ட் ஏஜென்சிக்குப் பணத்தைக் கட்டியும்விட்டது. ஆனால் அது நெட்டையிடம் வந்து சேரவில்லை. கிளையன்டிடம் போய்க் கேட்டால், "நாங்கள் கொடுத்துவிட்டோமே" என்கிறார்கள். அதுவும் உண்மைதான். அவன் ஒப்பந்தம் ஏஜென்சியோடு, கிளையன்டோடு இல்லை.

இதில் என்னை உலுக்கியது ஒரு விஷயம். பல ஏஜென்சிகள் கிளையன்டிடமிருந்து வரவேண்டிய பணத்தை வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ முன்கூட்டியே அடகு வைத்துத்தான் தொழிலையே ஓட்டுகின்றன. மூடும்போது அந்தப் பணத்தில் முதல் உரிமை அடகு பிடித்தவனுக்கு. உழைத்த கான்ட்ராக்டர், எந்தப் பிணையும் இல்லாத கடன்காரர்களோடு வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். கடன் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பணம் கைக்கு வரும்வரை நீ ஏஜென்சிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். ஆகவே ரேட் எவ்வளவு என்பதை விட, எவ்வளவு கடனை எத்தனை நாள் சுமக்கப் போகிறாய் என்பதுதான் என் கவலை.

ஒப்பந்தத்தில் "30 நாள்" என்று போட்டிருக்கும். எதிலிருந்து 30 நாள் என்று பார். வேலை முடிந்த நாளிலிருந்தா, இன்வாய்ஸ் (நீ பணம் கேட்டு அனுப்பும் பில்) தேதியிலிருந்தா, இன்வாய்ஸ் போட்ட மாதத்தின் கடைசி நாளிலிருந்தா? கடைசி வகை என்றால் கணக்குப் போட்டுக்கொள். ஜனவரி முதல் வாரம் வேலையைத் தொடங்குகிறாய். மாதத்துக்கு ஒரே டைம்ஷீட். மேனேஜர் பிப்ரவரி முதல் வாரம் ஒப்புதல் தருகிறார், அன்றே இன்வாய்ஸ் அனுப்புகிறாய். பிப்ரவரி முடிந்து 30 நாள் என்றால் மார்ச் 30. அதாவது மூன்று மாதம் வேலை பார்த்த பிறகு முதல் மாதப் பணம் வரும். ஏதாவது ஒரு காரணம் சொல்லி இன்வாய்ஸைத் திருப்பி அனுப்பி, அது மார்ச் தேதியில் மறுபடி போனால் ஏப்ரல் 30. இதையே வாராவாரம் டைம்ஷீட், இன்வாய்ஸ் தேதியிலிருந்து 7 நாள் என்று மாற்றினால், நீ சுமக்கும் கடன் இரண்டு மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். ரேட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இதைக் கேட்டு வாங்கு. மனமாரச் சொல்கிறேன், அது லாபம்.

திருப்பி அனுப்பும் காரணங்களைக் கேட்டால் எரிச்சல் வரும். பர்ச்சேஸ் ஆர்டர் எண், அதாவது வேலைக்கு அவர்கள் தந்த ஆர்டரின் எண், இல்லை. நிறுவனத்தின் பெயர் பதிவில் உள்ளபடி இல்லை. டைம்ஷீட்டில் ஏழரை மணி நேரம், இன்வாய்ஸில் ஒரு முழு நாள். வரி எண் விடுபட்டது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியது. ஆனால் அக்கவுண்ட்ஸ் பிரிவு பணம் அனுப்புவது வாரத்தில் ஒரு நாளாகவோ மாதத்தில் இரண்டு நாளாகவோ இருக்கும். அதற்கான கெடு தாண்டினால் அடுத்த சுற்றுதான். அதனால் முதல் இன்வாய்ஸுக்கு முன்பே ஒரு மாதிரியை அவர்களுக்கு அனுப்பி, "இப்படி இருந்தால் சரியா?" என்று மெயிலில் பதில் வாங்கிவிடு. சில ஏஜென்சிகள் செல்ஃப் பில்லிங் என்று சொல்லி, உன் சார்பில் இன்வாய்ஸை அவர்களே தயாரிப்பார்கள். வேலை மிச்சம்தான். ஆனால் நீ தனியாக இன்னொன்று அனுப்பிக் குழப்பாதே. அவர்கள் போட்டதில் மணி, ரேட், வரி மூன்றையும் ஒவ்வொரு முறையும் சரிபார்.

டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் தரும் மேனேஜர் விடுப்பில் போனால் யார் தருவார் என்று முதல் நாளே கேட்டு வை. அப்புறம், உன்னை வேலைக்குப் பிடித்துத் தரும் ஏஜென்சி ஆள், உன்னோடு இனிக்க இனிக்கப் பேசும் ரெக்ரூட்டரும், பணத்தை அனுப்புகிறவரும் வேறு வேறு ஆட்கள். அக்கவுண்ட்ஸில் ஒருவரின் நேரடி எண் உன்னிடம் இருக்கட்டும். ஆனால் பணம் தாமதமானால் ரெக்ரூட்டரையும் விடாதே. நீ வேலை பார்க்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கும் கமிஷன் தரும் நாள்.

இனி மிக முக்கியமானது. கிளையன்ட் பணம் கட்டினால்தான் உனக்குப் பணம் என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். அதை நீக்கச் சொல். கிளையன்டைத் தேர்ந்தெடுத்தது ஏஜென்சி, அதற்குத்தான் உன் ரேட்டின் மேல் தன் பங்காக மார்ஜின் வைக்கிறது. கட்டாத கிளையன்டின் சுமை மட்டும் உன் தலையிலா? பிரிட்டனில் 2003ஆம் ஆண்டு விதிகளின்படி, கிளையன்ட் கட்டவில்லை என்றோ டைம்ஷீட்டில் கையெழுத்து இல்லை என்றோ ஏஜென்சி பணத்தை நிறுத்தக் கூடாது. ஆனால் சொந்தமாகக் கம்பெனி வைத்து அதன் மூலம் வேலை செய்பவர்கள் இந்தப் பாதுகாப்பு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கவும் அதே விதிகள் இடம் தருகின்றன. அந்தத் தாளை மற்ற படிவங்களோடு சேர்த்து நீட்டுவார்கள். வேலை தர அதை நிபந்தனையாக்கக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது. எந்த ஊர்ச் சட்டமானாலும், உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் தாளைத் தனியே எடுத்து வைத்துப் படி.

"சீக்கிரம் பணம் வேண்டுமா? 2 சதவீதம் மட்டும் கழித்துக்கொள்கிறோம்" என்றும் வருவார்கள். 30 நாள் முன்னதாகத் தருவதற்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதத்துக்கு மேல் வட்டி. உன் சொந்தப் பணத்துக்கு நீயே வட்டி கட்டுவதா? எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இன்னொன்று, இன்வாய்ஸில் சேர்க்கும் விற்பனை வரியைப் பல நாடுகளில் பணம் வந்தாலும் வராவிட்டாலும் கெடுவுக்குள் கட்டியாக வேண்டும். நெட்டை அப்படித்தான், வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

பேனா கடன் கொடுத்தால்கூட எழுதி வாங்கிய ஆள் நீ. ஹாஸ்டலில் அதை வைத்துத்தானே உனக்குப் பெயரே! அந்தப் பிடிவாதம் இப்போது எங்கே போயிற்று? ரேட்டைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டதா? பணம் இத்தனை நாளுக்கு மேல் தாமதமானால் வேலையை நிறுத்தும் உரிமை உனக்கு உண்டா, ஏஜென்சி கைவிட்டால் அதே கிளையன்டிடம் நேராகப் போகத் தடை இருக்கிறதா, இந்த இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் தெளிவான வரி வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஒப்பந்தத்தை எனக்கு இன்றே அனுப்பு, வரிக்கு வரி படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. நெட்டைக்கு ஒரு போன் போடு. நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாமல், உன் ஒப்பந்தத்தைப் பற்றி யோசனை கேட்பதுபோலக் கேள். எல்லாவற்றையும் அவனே சொல்வான்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை