மலிவு டயரோடு செப்பாங் போகலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அண்ணே, இப்போ இருக்கிற டயரையே வைச்சு டிராக்கில் ஓட்டலாமா?" மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க நினைத்து இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் முடிவு. 150 அல்லது 200 சிசி வண்டி, டயர் புதிது, முதல் முறையாக மெதுவான குழுவில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். 400 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்றாலோ, சின்ன வண்டியிலேயே வேகக் குழுவில் சேரப் போகிறீர்கள் என்றாலோ மலிவு டயர் வேண்டாம். டிராக்குக்கு என்று சொல்லிக் கேட்டால் நாங்கள் அதை மாட்டித் தரமாட்டோம்.

காசைப் பார்த்துச் செலவு செய்வதில் தவறே இல்லை. சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழின் விலை, வண்டி விலையையே தாண்டி நிற்கிற சிங்கப்பூரில், டயரிலாவது மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றுவது இயல்புதான். விலை குறைந்த பிராண்டு என்றால் மட்டம் என்பதும் சரியல்ல. ஷிங்கோ 1998-இல் யோகோஹாமாவின் மோட்டார்சைக்கிள் டயர் அச்சுகளையும் தொழில்நுட்பத்தையும் வாங்கித் தொடர்ந்த நிறுவனம். நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த எம்ஆர்எஃப், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் பந்தயங்களோடு நெடுங்காலத் தொடர்புள்ள பெயர். ஆகவே பிராண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் குறிப்பிட்ட டயர் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

மலிவு டயர்களில் பெரும்பாலானவை நீண்ட நாள் உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை. ரப்பர் கெட்டியாக இருக்கும். தினமும் உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் போய் வருகிறவருக்கு அதைவிட நல்ல டயர் கிடையாது. விலை கூடிய ஸ்போர்ட் டயர்கள் பலவற்றில் நடுப்பகுதி கெட்டியாகவும் ஓரங்கள் மென்மையாகவும் இரண்டு வகை ரப்பர் இருக்கும். சாய்த்து ஓட்டும்போது அந்த ஓரம்தான் தரையைப் பிடிக்கிறது. மலிவு டயரில் பொதுவாக எல்லா இடத்திலும் ஒரே ரப்பர்தான்.

ஆனாலும் டிராக்கில் உண்மையான தொல்லை சூட்டினால் வருகிறது. டயர் தரையில் அழுந்தி நிமிரும் ஒவ்வொரு முறையும் ரப்பருக்குள் சூடு பிறக்கிறது. சாலையில் விளக்கு, சந்திப்பு என்று இடையிடையே ஓய்வு கிடைக்கும். டிராக்கில் 15, 20 நிமிடம் ஓய்வே கிடையாது. செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். வெயில் ஏறிய பிற்பகலில் அங்கே தார்ப்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். இரண்டு நீண்ட நேர்பாதைகளுக்கு நடுவே இருக்கும் கடைசி வளைவில் முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிக்க வேண்டும். அப்போது பாரமெல்லாம் முன் டயரில் வந்து விழும்.

முதல் இரண்டு சுற்றில் மலிவு டயர் நன்றாகவே பிடிக்கும். "அட, பரவாயில்லையே" என்று நம்பிக்கை வரும், வேகத்தைக் கூட்டுவீர்கள். நாலாவது, ஐந்தாவது சுற்றில் ரப்பர் தன் எல்லையைத் தாண்டிச் சூடாகி வழுக்கத் தொடங்கும். நல்ல ஸ்போர்ட் டயர் பிடிப்பை இழக்குமுன் கொஞ்சம் அசைந்து, நெளிந்து சொல்லிவிடும். கெட்டி ரப்பர் டயர் பல நேரம் அப்படிச் சொல்வதில்லை. புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்த முன்னறிவிப்புதான் உயிர்.

சின்ன வண்டிக்கு நாங்கள் சரி என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். எடை குறைவு, சக்தி குறைவு, அதனால் டயருக்குள் ஏறும் சூடும் குறைவு. கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிள்களுக்கென்றே 1994 முதல் மலேசியாவில் கப் பிரி பந்தயம் நடக்கிறது. சின்ன வண்டியில் வளைவைக் கற்றுக்கொள்வதுபோல் பெரிய வண்டியில் கற்க முடியாது என்பது எங்கள் கருத்து.

டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 140/70-17 66எஸ் என்று இருந்தால், 66 என்பது அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். கடைசி எழுத்து, மணிக்கு எவ்வளவு வேகம் வரை தாங்கும் என்பது: பி (P) என்றால் 150, எஸ் என்றால் 180, ஹெச் என்றால் 210 கிலோமீட்டர். 150 சிசி வண்டிக்கு எஸ் போதும். செப்பாங் நேர்பாதையில் 400 சிசி வண்டி எஸ்ஸின் எல்லையைத் தொட்டுவிடும். 17-க்கு முன்னால் கோடு இருந்தால் உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிய பழைய முறை. ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல். ரேடியல் சூட்டை நன்றாகச் சமாளிக்கும். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று கலந்து போடாதீர்கள், ஜோடியாகவே மாற்றுங்கள்.

அப்புறம் அதே பக்கச் சுவரில் இருக்கும் 4 இலக்கத் தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. "ஆஃபர்" என்று மிக மலிவாக வரும் டயர் பல நேரம் பழைய சரக்காக இருக்கும். பட்டன், அதாவது டயர் மேல் இருக்கும் வெட்டுகள், புதிதுபோல் ஆழமாக இருந்தாலும் ரப்பர் உள்ளுக்குள் இறுகியிருக்கும். எங்கு வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் அந்த இலக்கத்தைப் பாருங்கள்.

காற்றைப் பற்றி நண்பர்கள் சொல்லும் அறிவுரையில் கவனம் தேவை. பந்தய டயர் போட்டவர் காற்றைக் குறைத்து ஓட்டுகிறார் என்று நீங்களும் மலிவு டயரில் குறைத்தால், சுவர் இன்னும் அதிகமாக மடங்கி இன்னும் சூடாகும். ஓட்டுவதற்கு முன் 33 டிகிரியில் 30 பிஎஸ்ஐ இருந்தால், உள்ளே 80 டிகிரி ஆகும்போது அது 37-ஐ நெருங்கும். பிட்டுக்கு (தடத்தின் ஓரம் வண்டி நிறுத்தும் இடத்துக்கு) திரும்பிய உடனே அளந்து பாருங்கள். அதற்கு மேலும் ஏறியிருந்தால் டயர் தன் சக்திக்கு மீறி உழைக்கிறது என்று அர்த்தம். அடுத்த சுற்றுகளை மெதுவாக ஓட்டுங்கள், அல்லது அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது திரும்பி வரும் பாதையைப் பற்றி. பலர் வண்டியை லாரியில் ஏற்றாமல் தாமே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போகும்போது டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தேயும், ஓரங்கள் புதுப் பளபளப்போடு அப்படியே இருக்கும். அதனால் புது டயரோடு போகிறவர்கள் முதல் செஷன் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாய்க்க வேண்டும். பழைய டயரோடு போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை: எக்ஸ்பிரஸ்வேயில் ஓடி ஓடி நடுப்பகுதி தட்டையாகியிருக்கும், சாய்க்கும்போது அந்த விளிம்பைத் தாண்டுகிற இடத்தில் வண்டி திடீரென்று விழுவதுபோல் இருக்கும்.

மாலையில் திரும்பும்போது டயர் காலையில் இருந்த டயரே அல்ல. ஓரங்களில் ரப்பர் அழிப்பான் தூள்போல் சுருண்டிருக்கும், பட்டன் குறைந்திருக்கும், சூட்டில் வெந்து ஆறிய ரப்பர் இறுகியிருக்கும். வழியில் ஜொகூரின் மச்சாப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் அந்த டயரை நம்பித்தான் வீடு வர வேண்டும். கிளம்புமுன் சாலைக்கான காற்றை மறுபடி நிரப்புங்கள். தேய்மானக் குறி தெரிகிற அளவுக்குப் போத்தாக் (மொட்டை) ஆகியிருந்தால் தயவுசெய்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஒரு லாரிக்குச் செலவழியுங்கள்.

பயந்துபோய் நேரே பந்தய டயருக்குத் தாவுவதும் வேண்டாம். அது சூடேற்றும் உறையோடு பயன்படுத்துவதற்காகச் செய்தது. குளிர்ந்த நிலையில் பிடிப்பே இருக்காது, ஸ்லிக் (பட்டனே இல்லாத வழவழப்பான டயர்) என்றால் சாலையில் ஓட்டவும் கூடாது. சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான நடுத்தர விலை ஸ்போர்ட் ரேடியல் ஒரு ஜோடிதான் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்கு ஏற்றது. கையில் அவ்வளவு இல்லையென்றால் இந்த முறை டிராக்கைத் தள்ளிப்போட்டு, அடுத்த முறை நல்ல டயரோடு போங்கள்.

உங்கள் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பந்தயத் தடத்தில் ஓட்டுவதைப் பெரும்பாலான காப்புறுதிகள் ஏற்பதில்லை.

டிராக் போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக வண்டியைக் கொண்டு வாருங்கள். டயர், வால்வு, பிரேக் பட்டை, சங்கிலி நாலையும் பார்த்துத் தருகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. எந்த வண்டி, எந்தக் குழு, வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்புவீர்களா என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகும் ஒருமுறை காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டயர் கடையார்