பாலத்துக்கு அந்தப் பக்கம்

அல் கோபர்,
சனிக்கிழமை இரவு

அன்பு நண்பனுக்கு,

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உன் மகனைப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறான். வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு இளைத்துப்போய்விட்டான் என்று உன் மனைவி அழுததாக எழுதியிருந்தாய்; அது தாடி செய்த வேலை. நேரில் கன்னம் அப்படியேதான் இருக்கிறது. பஹ்ரைன் தலைநகர் மனாமாவின் குதைபியா பகுதியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் மலையாளிகள், ஒருவர் திருச்சிக்காரர். முறை வைத்துச் சமைக்கிறார்கள். உன் மகன் முறை வந்தால் மற்ற மூவரும் வெளியே சாப்பிட்டுக்கொள்கிறார்களாம். அதை அவனே சொல்லிச் சிரிக்கிறான். வேலையில் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. மற்றதெல்லாம் பழகிவிடும்.

பஸ்ஸில்தான் போனேன். கார் இருக்கும்போது ஏன் என்று கேட்பாய். கார் கம்பெனியுடையது. சவுதியிலிருந்து பஹ்ரைனுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டி ஓட்ட வேண்டுமென்றால் உரிமையாளரின் தனி அனுமதி வேண்டும், அந்தப் பக்கத்துக்குக் காப்பீடும் வேண்டும். வேடிக்கையைப் பார்: எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது, காருக்குத்தான் கொடுக்க முடியவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினேன். வியாழன் மாலையில் மட்டும் பாலத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. நீ இங்கே இருந்தபோது அந்தக் கூட்டம் புதன் மாலையில் வரும். சவுதியில் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது 2013இல்தான். பஹ்ரைன் 2006லேயே மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பாலத்துக்கு இந்தப் பக்கம் வியாழன் விடுமுறை, அந்தப் பக்கம் வேலை நாள்.

வியாழன் மாலை நெரிசல் மட்டும் குறையவே இல்லை. தியேட்டருக்காகத்தான் சவுதிக்காரர்கள் பஹ்ரைன் போகிறார்கள் என்று அப்போது சொல்வோம் அல்லவா? 2018இல் இங்கேயே தியேட்டர் திறந்துவிட்டது, தமிழ்ப் படம்கூட ஓடுகிறது. அப்படியும் கார் வரிசை நீண்டுகொண்டுதான் இருக்கிறது. சும்மா போய்ச் சாப்பிட்டு, கடைவீதியில் சுற்றிவிட்டு வருவதும் ஒரு காரணம்தானே. இப்போது வரிசையில் நிற்கும் கார்களைப் பெண்களும் ஓட்டுகிறார்கள். எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு பெண்மணி தனியாக வந்தார். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் காபிக் கோப்பை. முன்னால் இருந்த வண்டி நகரத் தாமதமானதும் ஹாரனை அழுத்தினார் பார், நம் ஊர் மினி பஸ் டிரைவர்கள் பிச்சை வாங்க வேண்டும்.

பாலம் அதே பாலம்தான். அஜீஸியாவில் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இரு பக்கமும் கடல். ஆழமே இல்லாத, அடிமணல் தெரிகிற வெளிர்பச்சைத் தண்ணீர். 25 கிலோமீட்டர். மொத்தச் செலவும் சவுதியுடையது. 1986 நவம்பரில் திறந்தார்கள், நம் பாம்பன் சாலைப் பாலத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு. ராமநாதபுரத்துக்காரன் என்ற திமிரில் நீ அப்போதெல்லாம் இந்தப் பாலத்தைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பாய், காற்றே இல்லாத கடல் என்ன கடல் என்று. நடுவில் எல்லைக்காகவே மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு, அதில் பக்கத்துக்கு ஒன்றாக 65 மீட்டர் உயரத்தில் இரண்டு கோபுரங்கள். நீ இவற்றை கோர்னிஷ் கடற்கரைச் சாலையில் நின்று தூரத்துப் புள்ளியாகப் பார்த்ததோடு சரி. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

உன் அண்ணன் மனாமாவில் இருந்தார், நீ கோபரில் இருந்தாய். பஸ் ஏறினால் காலை உணவுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் நம் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. வெளியே போக வேண்டுமென்றால் கஃபீல், அதாவது நம்மை வேலைக்கு அழைத்த முதலாளி, கையெழுத்துப் போட்டு எக்ஸிட் ரீஎன்ட்ரி என்ற போய்த் திரும்பும் விசாவை வாங்கித் தர வேண்டும். குடியிருப்பு அனுமதியான இக்காமாப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். நீ மனுக் கொடுத்தாய். மேலாளர் அடுத்த மாதம் என்றார். அடுத்த மாதம், ரமலான் முடியட்டும் என்றார். பிறகு ஆள் குறைவு என்றார். மறுக்கவே இல்லை அந்த மனிதர், ஒரு முறைகூட முடியாது என்று சொன்னதில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். கடைசியில் அண்ணனும் நீயும் பார்த்துக்கொண்டது விடுமுறையில், பரமக்குடி பஸ் நிலையத்தில். ஒரு பாலத்தைத் தாண்டினால் முடிய வேண்டிய சந்திப்புக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு விமானம் பிடித்து ஊருக்கு வந்தீர்கள். இதை நினைத்து நாம் அப்போது சிரித்ததுண்டு. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

இப்போது எப்படி என்றால், புதன் இரவு அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்ஷர் என்ற அரசாங்கச் செயலியைத் திறந்தேன். எத்தனை நாளுக்கு என்று கேட்டது, 200 ரியால் வங்கிக் கணக்கிலிருந்து போனது, பால் பொங்குவதற்குள் விசா வந்துவிட்டது. கஃபீலின் கையெழுத்து வேண்டாம் என்ற மாற்றம் 2021 மார்ச் 14இல் வந்தது. பாஸ்போர்ட் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பலமுறை போய்வர 500 ரியால். அடிக்கடி போவதாக இருந்தால் அதுதான் லாபம். பஹ்ரைனுக்கு ஈ-விசாவையும் முன்னதாகவே எடுத்துவிட்டேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுதி உன்னைக் குளிர்விக்கத்தான் ஆசை. ஆனால் நடுத்தீவில் ஒருவரைச் சந்தித்தேன், அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சவுதிப் பக்கத்தில் பாஸ்போர்ட் முடிந்து பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, தேநீர்க் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் போனில் தமிழில் பேசினார். கடலாடிக்காரர், தம்மாமில் ஹவுஸ் டிரைவர். முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மாதத்தில் பல வாரம் பாலம் தாண்டுகிறாராம். ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே இருப்பார், அவர்கள் கூப்பிடும்போது எடுக்க வேண்டும். அவருடைய சொந்த மச்சான் முஹர்ரக்கில் வேலை செய்கிறார். மனாமாவுக்கும் முஹர்ரக்குக்கும் நடுவில் இருப்பதும் பாலம்தான், சில நிமிட ஓட்டம். பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். "கேட்டால் விடுவார்கள் சார். ஆனால் கேட்க வேண்டுமே" என்றார். அந்த 2021 மாற்றத்தில் வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இன்றும் முதலாளி மனசு வைத்தால்தான் உண்டு. அலுவலகத்தில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனுக்குக் கதவு திறந்தது. மேஜை இல்லாதவருக்குப் பழைய மேலாளரே வேறு முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பஹ்ரைன் பக்கத்தில் அதிகாரி திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்திவிட்டார். பைகளைச் சோதனைக்குக் கொடுத்து எடுத்துக்கொண்டோம். பிறகு உம்மு நஸான் தீவைத் தாண்டினோம். அது மன்னர் குடும்பத்தின் சொந்தத் தீவு, சாலை மட்டும்தான் நமக்கு. மனாமாவில் இறங்கியதும் சில்லறை மாற்றத் தேவையே இல்லை. ஒரு தினாருக்குப் பத்து ரியால் கணக்கில் எந்தக் கடையிலும் ரியாலை வாங்கிக்கொள்கிறார்கள். மீதியைத் தினாரில் கொடுப்பார்கள். அந்த ஃபில்ஸ் காசுகளை எண்ணத் தெரியாமல் நான் முழிப்பதைப் பார்த்து உன் மகன் என் கையிலிருந்து வாங்கி அவனே எண்ணிக் கொடுத்தான்.

பாப் அல் பஹ்ரைன் வளைவுக்குப் பின்னால் கடைவீதிக்குள் அழைத்துப் போனான். மல்லிகை வாசம் வந்தது. கோபரில் இத்தனை காலம் இருந்துவிட்டு ஒரு அரபு நகரச் சந்தில் தொடுத்த பூவைப் பார்த்தால் கால் நின்றுவிடுகிறது. கிருஷ்ணன் கோயில் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. சிந்து மாகாணத்துத் தட்டா ஊரிலிருந்து வந்த வியாபாரிகள் கட்டியது, 200 ஆண்டுகளைத் தாண்டியது. 2019இல் நம் பிரதமர் வந்து புதுப்பிக்கும் பணியைத் தொடங்கிவைத்த கோயில். எண்ணெய் கண்டுபிடிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வந்த இந்தியர்கள் அவர்கள். அப்போது யாரிடம் எக்ஸிட் வாங்கினார்களோ. மனாமாவின் இருதய மாதா... இல்லை, இருதய ஆண்டவர் தேவாலயமும் 1939ஆம் ஆண்டுக் கட்டடம்; உன் மகனின் திருச்சி நண்பர் வெள்ளிக்கிழமை பூசைக்கு அங்கே போகிறார். தம்மாமிலிருந்தும் ஜுபைலிலிருந்தும் கிறிஸ்தவ நண்பர்கள் கிறிஸ்துமஸுக்குப் பாலம் ஏறுவது உனக்குத் தெரிந்ததுதானே, அது மாறவே இல்லை.

என் வீட்டுச் செய்தியும் கேட்டிருந்தாய். மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே இருக்கிறார்கள். 2017இல் சவுதி வெளிநாட்டவர் குடும்பங்களுக்குக் கொண்டுவந்த வரியில் ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கி 2020இல் 400 ஆனது. மூன்று பேருக்கு ஆண்டுக்கு 14,400 ரியால். அந்தப் பணத்தில் பெரியவளுக்குக் கல்லூரிக் கட்டணமே கட்டலாம் என்று கணக்குப் போட்டு அனுப்பிவைத்தேன். என்னோடு அதே கட்டடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இப்போது மாடியில் ஒற்றை ஆட்கள்தான். நம் கடையநல்லூர்க்காரர் நினைவிருக்கிறதா, 2021இல் விடுமுறை முடிந்து திரும்பும்போது இந்தியாவிலிருந்து நேராக வர முடியாமல் பஹ்ரைனில் தங்கி, பிறகு தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும்தான் பாலம் என்று சட்டம் வந்து அங்கேயே மாட்டிக்கொண்டாரே, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பாலம் என்ற பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறார்.

உன் மகனிடம் இன்னொன்றும் சொல்லிவைத்தேன். வளைகுடா நாடுகளில் குடியிருப்பு விசா உள்ளவர்கள் எந்த வேலை செய்தாலும் சவுதிக்குச் சுற்றுலா ஈ-விசா எடுக்கலாம் என்று 2023இல் அறிவித்துவிட்டார்கள். பஹ்ரைனில் வெளியே போக முதலாளியிடம் எக்ஸிட் வாங்கும் வழக்கமும் கிடையாது. ஆகவே அடுத்த பெருநாள் விடுமுறையில் அவன் கோபர் வருகிறான். நீ தங்கியிருந்த கட்டடத்தைக் காட்டச் சொன்னான். அது இடிந்து அந்த இடத்தில் பல் மருத்துவமனை வந்துவிட்டது என்று சொன்னேன். பரவாயில்லை, அதையாவது காட்டுங்கள் மாமா என்றான். பெரியப்பா இருந்த இடம் மனாமாவில் எது என்று உன் அண்ணனிடம் கேட்டு எழுதச் சொல்கிறான். தெருப் பெயர் மறந்திருந்தால் பக்கத்தில் இருந்த கடை, பள்ளிவாசல் ஏதாவது சொன்னால் போதும், அவன் தேடிக்கொள்வான்.

அடுத்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். பஹ்ரைன் வழியாகச் சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். திரும்பும்போதும் அதே வழிதான், மனாமாவில் ஒரு நாள் தங்குவேன். உன் மனைவி மகனுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பதை ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடக்கச் சொல். ஊறுகாய், பருப்புப்பொடி, வற்றல் எதுவும் தடையில்லை. கசகசா மட்டும் கூடவே கூடாது, குழம்புப்பொடியில் சேர்த்து அரைத்ததும் வேண்டாம். இந்தப் பக்கம் அதற்குச் சிறைதான். மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டு சேர்த்து வை. பெட்டியை நீயே கட்டு, அண்ணனிடம் விடாதே. அவர் கட்டிய பெட்டி மதுரை வரைக்கும்கூடத் தாங்காது.

உன் பழைய அறைத்தோழன்