பழைய டிராக்டரில் குழி தோண்டும் கருவி: எடுத்துச் செல்வோர் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலிக்கல் நடவும் தென்னங்கன்று வைக்கவும் நம் குழுவின் குழி தோண்டும் கருவியை எடுத்துச் செல்வோர், பி.டி.ஓ. (இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதோடு, சுக்கான் கல் உள்ள மேட்டாங்காட்டில் அதையும் நன்றாகக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

பழைய வண்டிகளில் ஹைட்ராலிக் தேய்ந்திருப்பதால், லிவரைச் சற்றுத் தாழ்த்தியதுமே கருவி தொப்பென்று இறங்கி, திருகு தானாகவே மண்ணுக்குள் ஏறிக்கொள்கிறது; அதன்பின் லிஃப்டால் அதை மேலே இழுக்க முடிவதில்லை. ஆகவே அரையடி இறங்கியதும் தூக்கி, மண்ணை உதறிவிட்டு, மீண்டும் இறக்கவும். ரிவர்ஸ் பி.டி.ஓ. பழைய வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது என்பதால், சிக்கிக்கொண்டால் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, பெரிய பைப் ரெஞ்சு கொண்டு திருகை எதிர்த்திசையில் கையால் சுற்றியே விடுவிக்க வேண்டும்.

ஷேர் போல்ட் (பளு கூடினால் தானே அறுந்து கியர்பாக்ஸைக் காக்கும் போல்ட்) அறுந்தால் அதே தரத்தில்தான் மாற்ற வேண்டும். கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டால் அது அறுவதற்குப் பதில் கியர்பாக்ஸ் உடையும், அந்தச் செலவைக் குழு ஏற்காது. காய்ந்த நிலத்தில் இறங்கவில்லையென்று கருவியின் மேல் ஆளை ஏற்றி நிறுத்துவதை அறவே தவிர்க்கவும். வேட்டி, துண்டுடன் சுழலும் ஷாஃப்ட் அருகே எவரும் செல்லக் கூடாது.

திருப்பித் தரும்போது கிரீஸ் அடித்துத் தரவும்.