அலமாரிக்கும் சீலிங்குக்கும் நடுவே

கோபே, நாகாட்டா
ஹெய்செய் 31, ஏப்ரல் 30 (2019)

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா டிவி முன்னால் இருக்கிறார். பேரரசர் பதவி விலகும் சடங்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்துப் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஹெய்செய் சகாப்தம் இன்றோடு சரி, நாளையிலிருந்து ரெய்வா. 1989-ல் அமைச்சரவைத் தலைமைச் செயலாளர் ஒபுச்சி, ஹெய்செய் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டியபோது நீ என் வயிற்றில் இருந்தாய். ஹெய்செய் என்றால் எங்கும் அமைதி என்று அர்த்தமாம். அப்பா அதைச் சொல்லி இன்றைக்கும் சிரித்தார். 17 பிரதமர்களைத் திட்டித் தீர்த்த மனுஷர் அல்லவா? 1993-ல் லிபரல் டெமாக்ரடிக் கட்சி ஆட்சியை இழந்தபோது சாக்கே வாங்கி வந்து கொண்டாடினார். ஒரு வருஷம் ஆவதற்குள் அவர்கள் சோஷலிஸ்டுகளோடு சேர்ந்து திரும்பி வந்துவிட்டார்கள். மிச்சமிருந்த சாக்கே அன்றைக்குத் தீர்ந்தது.

மார்ச்சில் அனுப்பிய இகனாகோ மீன் வந்து சேர்ந்ததா? இந்த வருஷமும் மீன் சரியாகப் பிடிபடவில்லை, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வரிசையில் நின்று வாங்கி, உனக்குப் பிடிக்குமே என்று இஞ்சி நிறையப் போட்டு வற்ற வைத்தேன். வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, வேலை இருந்திருக்கும். வேலை பற்றி அக்கா ஏதோ சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன தடவை உன் அறைக்கு வந்தபோது பார்த்தேன், புத்தக அலமாரி உன் தலைமாட்டில் நிற்கிறது. அதை நகர்த்து. நகர்த்த இடமில்லை என்றால் தலையையாவது மாற்றிப் படு. வாடகை வீட்டில் சுவரில் துளை போட விடமாட்டார்கள், தெரியும். அலமாரிக்கு மேலே சீலிங்கை முட்டுகிற மாதிரி இரண்டு கம்பிகள் கொடுத்தால் போதும். கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வை.

2011 நிலநடுக்கத்தில் டோக்கியோவில் ரயில் எல்லாம் நின்றுபோய் நீ இரவெல்லாம் நடந்து அறைக்குப் போன அன்றுகூட, விடிவதற்குள் போன் செய்துவிட்டாய். அப்புறம் சுனாமி அடித்த இஷினோமாகிக்குப் போய் இரண்டு வாரம் சேறு அள்ளினாய். இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை, இந்த ஜனவரி 17-க்கு, நம் ஊர் நிலநடுக்கத்தின் நினைவு நாளுக்கு, வரவில்லை. காலை 5:46-க்குப் பூங்காவில் மூங்கில் விளக்குகள் நடுவே நானும் அப்பாவும் மட்டும் நின்றோம். அப்பா இரண்டு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

1995 நிலநடுக்கத்தில் போனவர்கள் 6,434 பேர். நாகாட்டா அப்படி எரிந்தும்கூட, தீயில் போனவர்களைவிட வீட்டுக்கும் மரச்சாமானுக்கும் அடியில் நசுங்கிப் போனவர்கள்தான் அதிகம். நம் வீடு சாய்ந்ததே தவிர விழவில்லை. உனக்கு அது ஞாபகம் இருக்கும். பதினைந்து வயதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய்: “அந்த இழுப்பறைப் பெட்டி ஏன் பாட்டி அறையில் இருந்தது?” எப்போதும் அங்கேதான் இருந்தது என்றேன்.

இல்லை. அது என் கல்யாணச் சீர். எங்கள் அறையில்தான் இருந்தது. 1994 இலையுதிர் காலத்தில் அக்காவின் பியானோவுக்கு இடம் வேண்டும் என்று நான்தான் அதைப் பாட்டியின் அறைக்கு மாற்றினேன். “தலைமாட்டில் வேண்டாம்மா” என்றார் பாட்டி. கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். இரண்டடுக்குப் பெட்டி அது, மேலடுக்கு தனியாகக் கழன்று வந்தது. என் கிமோனோ எல்லாம் அதில்தான் இருந்தது. நிலநடுக்கத்துக்கு முந்தின ராத்திரி நீ பாட்டியோடுதான் படுப்பேன் என்று அடம்பிடித்தாய். சளி ஒட்டிக்கொள்ளும் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். பாட்டியைத் தனியாக விட்டுவிட்டோம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், விட்டது நீ இல்லை.

அப்பாவுக்குத் தெரியும். இந்த 24 வருஷத்தில் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. பேரரசியும் பேரரசரும் அந்த ஜனவரி 31-ல் சுகஹாரா சந்தைக்கு வந்தபோது எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். எரிந்த இடத்தில் பேரரசி நார்சிசஸ் பூ வைத்தார். நான் பள்ளிக்கூட முகாமிலேயே இருந்துவிட்டேன். யாராவது கையைப் பிடித்து ஆறுதல் சொன்னால் வாயைத் திறந்துவிடுவேனோ என்று பயம்.

வேலை போயிருந்தால் போகட்டும், இங்கே உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

கடையில் முட்டுக்கம்பி மூன்று அளவில் இருக்கிறது. எதை வாங்குவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அலமாரியின் உச்சிக்கும் சீலிங்குக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல். அது மட்டும் போதும். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அம்மா