'மெக்கானிக் தேவையில்லை' என்று விற்ற கார்பரேட்டர் கிட்: பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: கார்பரேட்டர் கிளீனிங் கிட்டில் தவறான விளக்கத் தாள், பொருந்தாத கருவி – புகார்

ஐயா / அம்மா,

வணக்கம். புதிதாகப் பழகுபவர்களுக்கென்று தாங்கள் விற்கும், கார்பரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) சுத்தம் செய்யும் கிட்டை ரூ.649 கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்ததால் ஆக்சிலரேட்டரை விட்டதும் ஸ்லோவில் ஓடாமல் அணைந்துகொண்டிருந்தது. பெட்டியின் மேலேயே ஆர்எக்ஸ் 100 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'மெக்கானிக் தேவையில்லை'.

ஜெட்டில், அதாவது கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு ஓட்டையுள்ள பாகத்தில், அடைப்பெடுக்க ஸ்டீல் கம்பி ஒன்றை வைத்து, 'நன்றாகக் குடையவும்' என்று தாளில் போட்டிருக்கிறீர்கள். ஜெட் பித்தளை. ஸ்லோ ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இராது. அதில் ஸ்டீலை விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகி, பெட்ரோல் கூடுதலாக ஏறும். கிளீனர் அடித்துக் காற்று பிடித்தாலே பெரும்பாலான அடைப்பு போய்விடும் என்று தெருமுனை ஒர்க் ஷாப் பையன்கூடச் சொல்வான். தாளில் உள்ளபடி குடைந்த என் ஜெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டையின் விளிம்பில் கீறல் தெரிகிறது; படம் இணைத்துள்ளேன்.

இதைவிட மோசம், பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூ பற்றிய வரி. 'வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும்' என்கிறது தாள். ஸ்குரூ இன்ஜின் பக்கம் இருக்கும் கார்பரேட்டருக்கு அது சரி. ஆர்எக்ஸ் 100இல் உள்ள மிகுனி கார்பரேட்டரில் அது ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிறது. அது ஏர் ஸ்குரூ. வலப்பக்கம் திருகத் திருகக் காற்றுதான் குறையும், கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் விகிதம் கூடும். எனக்கும் அதுதான் நடந்தது: பிளக் முழுக்க ஈரக் கரி. கரி பிடித்தால் என்ன செய்வது என்று தாளைப் புரட்டினால், 'இன்னும் வலப்பக்கம் திருகவும்' என்கிறது! இதை அச்சுக்கு அனுப்புமுன் ஒருவராவது வண்டியில் செய்து பார்த்தாரா?

கிட்டில் வந்த கேஸ்கெட்டும் (கசிவைத் தடுக்கும் வளையம்) பெட்ரோல் பட்டதும் உப்பிவிட்டது. கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் பள்ளத்தில் திரும்ப உட்காரவே இல்லை.

போனில் கேட்டபோது தங்கள் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன தீர்வு, "நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க சார்". காட்டினேன். புது ஸ்லோ ஜெட்டும் கேஸ்கெட்டும் போட்டு, ஏர் ஸ்குரூவை இடப்பக்கம் திறந்து வைத்ததும் வண்டி ஸ்லோவில் அணையாமல் ஓடியது.

கிட்டின் விலையையும், இந்த வேலைக்கு நான் கொடுத்த ரூ.480ஐயும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டுகிறேன். ஸ்டீல் கம்பியை எடுத்துவிட்டு, ஸ்குரூ எந்தப் பக்கம் இருந்தால் எப்படித் திருகுவது என்று படத்தோடு தாளைத் திருத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரிவியுங்கள். சரியான பயன்பாட்டு விளக்கம் தராததற்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல்கள், ஜெட், பிளக், விளக்கத் தாள் ஆகியவற்றின் படங்கள்