ஈரப்பலா பத்தி மகளுக்கு

மகள், நல்லா இருக்கியாம்மா. உன் கூட வேலை செய்ற ஜமைக்கா அக்கா ஈரப்பலாவை, அதான் பிரெட்ஃப்ரூட்னு சொல்றதை, முழுசா நெருப்புல சுட்டு கொண்டு வந்தாங்க, இது அவங்க ஊரு மரமாம்னு ஆச்சரியமா மெசேஜ் போட்டிருந்த. அவங்க ஊருக்கும் அது வந்த மரந்தான்மா. பிளைன்னு ஒரு வெள்ளைக்கார கேப்டன் பசிபிக் கடல்ல இருக்கற டஹிடி தீவுல இருந்து கன்னு ஏத்திக்கிட்டு வரும்போது 1789ல கப்பல்ல கலகம் வந்து கன்னை எல்லாம் கடல்ல வீசிட்டாங்க, அவர் மறுபடி போய் 1793ல ஜமைக்காவுல கொண்டு போய் சேர்த்தார், எதுக்குன்னா கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு செலவில்லாம வயிறு நிரப்ப. தோட்டத்துல பொறந்த எனக்கு அதைப் படிக்கும்போது நெஞ்சு அடைச்சிருச்சு.

எழுபதுகள்ல அரிசியும் மாவும் கிடைக்காத நேரம் உங்க அம்மாச்சி ஈரப்பலாவையும் மரவள்ளியையும் வச்சுத்தான் எங்களை வளர்த்தாங்க. அவிச்சு தேங்காய்ப்பூ போட்டு கட்டச்சம்பலோட குடுப்பாங்க, அந்த ருசி இன்னும் எனக்கு சோத்துல கூட வரல.

நீ ஃப்ரோசன் வாங்கினா ஐஸ் விட வைக்காத, அப்படியே கொதிக்கிற தண்ணில போடு. முழுக்காய் கிடைச்சா தோல் பச்சை மாறி லேசா மஞ்சள் தட்டி, மேல பால் வடிஞ்சு காஞ்சிருக்கறதா பாத்து எடு, அதான் முத்தின காய். கத்தியிலயும் கையிலயும் தேங்காயெண்ணெய் தடவிக்கோ, இல்லாட்டி பால் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். வெட்டுன துண்டை உடனே தண்ணில போடணும் இல்லாட்டி கறுத்துரும். கறிக்கு மஞ்சள், வறுத்த தூள், ரம்பை இலை, கறிவேப்பிலை போட்டு அவிஞ்ச பிறகு தேங்காய்க் கட்டிப்பால் விடு. பொரிக்கிறதுன்னா மெல்லிசா சீவி, எண்ணெய்ல கொஞ்சம் உப்புத்தண்ணி தெளிச்சா மொறுமொறுன்னு வரும், தள்ளி நின்னு தெளி, தெறிக்கும்.

இன்னொரு விஷயம், தம்பி கராஜ் கட்ட நம்ம மரத்தை வெட்டணும்னு நிக்கிறான். 2022ல சமையல் கேஸ் இல்லாம விறகடுப்புல அவிச்சு அக்கம்பக்கம் எல்லாருக்கும் குடுத்த மரம்மா அது, எனக்கு கொஞ்சமும் மனசில்ல. இதுக்கு விதையும் கிடையாது, வேர்ல இருந்து வர்ற கன்னைத்தான் பிரிச்சு நடணும். கிணத்துப் பக்கம் வேர்ல ரெண்டு கன்னு வந்திருக்கு, அது தனியா புடிச்சு வளர்ற வரைக்குமாவது பொறுக்கச் சொல்லி நீ அவன்கிட்ட பேசு, நீ சொன்னா கேப்பான்.

அம்மா
மாத்தளை